தெளிந்த பாட்டில்

குக்கரை அடுப்பில் ஏற்றியாகிவிட்டது. ஒரு பிடி புழுங்கலரிசி, ஆறு டம்ளர் தண்ணீர், நாலு பல் பூண்டு, கொஞ்சம் உப்பு. கஞ்சி குழைய இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடத்துக்குள் சொல்லிவிட வேண்டும் என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். முன்னறையில் செண்பகம் படுத்திருக்கிறாள். என் மகள், நாற்பத்து மூன்று வயது. மருமகன் மஸ்கட்டில், பேரன் விடுதியில், அதனால் அவள் என்னோடு இருக்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். சனியும் ஞாயிறும் திங்களும் உடம்பு அனலாய்க் கொதித்தது. இன்று செவ்வாய். காலையில் நெற்றியைத் தொட்டால் சூடே இல்லை. "விட்டுருச்சுப்பா" என்றாள். "நல்லா வேர்த்து விட்டுருச்சு. கஞ்சி மட்டும் வச்சுத் தாங்க, ரெண்டு நாள் படுத்து எந்திரிச்சா சரியாயிரும்." ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம் என்றேன். "ஆஸ்பத்திரியா? அம்மாவை அங்க அனுப்பினது போதும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மற்ற வீடுகளில் காய்ச்சல் விட்டால் நிம்மதி. இந்த வீட்டில் காய்ச்சல் விடும்போதுதான் பயம். இவள் அம்மாவுக்கும் ஐந்தாம் நாள் காலையில் இப்படித்தான் விட்டது. ஆறாம் நாள் மத்தியானம் அவள் இல்லை. ஆஸ்பத்திரிதான் அம்மாவைக் கொன்றது என்று இவள் இருபத்தொன்பது வருடமாக நம்புகிறாள். அது பொய் என்று இவளிடம் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். அதைச் சொன்னால் இவள் எழுந்து என்னோடு வருவாள், அல்லது இனி என் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். இரண்டும்கூட நடக்கலாம். சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும்.

குக்கருக்குள் ஆவி கட்டுகிறது. முப்பத்தோரு வருடம் இந்தச் சத்தத்தோடு இருந்தவன் நான். மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் துறையில் மீடியா ரூம் அட்டெண்டர். மீடியா என்றால் கிருமிக்குச் சாப்பாடு. நோயாளியின் சளியிலோ சீழிலோ ரத்தத்திலோ என்ன கிருமி இருக்கிறது என்று கண்டுபிடிக்க, அதற்குச் சாப்பாடு போட்டு, கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வளர்த்துப் பார்க்க வேண்டும். அந்தச் சாப்பாட்டைச் சமைப்பது என் வேலை. இறைச்சிச் சாறு, பெப்டோன் தூள், உப்பு, கெட்டியாக்கக் கடற்பாசியிலிருந்து எடுத்த அகர். எல்லாவற்றையும் கரைத்து, ஆட்டோகிளேவ் என்கிற ஆள் உயரக் குக்கரில் பதினைந்து பவுண்டு அழுத்தத்தில் பதினைந்து நிமிடம் வேகவைக்க வேண்டும். வெந்ததை அப்படியே ஊற்றிவிடக் கூடாது. புறங்கையில் வைத்தால் தாங்குகிற சூட்டுக்கு வந்த பிறகு ஆட்டு ரத்தம் சேர்த்து, நுரை எழும்பாமல் தட்டுத் தட்டாக ஊற்ற வேண்டும். பிள்ளைக்குப் பால் ஆற்றுகிற பதம். இதைச் செண்பகத்தின் அம்மா ஆவுடையிடம் சொன்ன நாளில் சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. "ஊரெல்லாம் கிருமியைக் கொல்ல மருந்து தேடுது, நீங்க அதுக்குப் பதம் பார்த்துச் சோறு ஊட்டுதீங்களாக்கும். எனக்கு என்னிக்காவது ஒரு டம்ளர் காப்பி போட்டுத் தந்திருக்கீங்களா? நான் கிருமியாப் பொறந்திருக்கலாம்." தெருவில் யாராவது உன் வீட்டுக்காரருக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டால் முகத்தை மாற்றாமல் சமையல் வேலை என்று சொல்லுவாள். எத்தனை பேருக்குச் சமைப்பார் என்றால் கோடிப் பேருக்கு என்பாள். சிரிக்கும்போது மேலுதட்டில் ஒரு பக்கம் மட்டும் ஏறும். அந்தப் பக்கம் எது என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. வலதா, இடதா. போட்டோவில் அவள் சிரிக்கவில்லை.

கிருமி வளர என்ன வேண்டும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். சோறு வேண்டும், ஈரம் வேண்டும், நம் உடம்பின் இளஞ்சூடு வேண்டும், புளிப்பு ஏறாமல் இருக்க வேண்டும். சிலதுக்குக் காற்று வேண்டும், சிலதுக்குக் காற்று பட்டாலே ஆகாது. சிலதுக்குக் கொஞ்சம் காற்றும் கூடுதலாகக் கரியமில வாயுவும் வேண்டும், ஜாடிக்குள் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி மூடிவிடுவோம், சுடர் தானாக அணைந்ததும் உள்ளே அதற்குப் பிடித்த காற்றாகிவிடும். பிறகு நேரம் வேண்டும். எல்லாம் சரியாக அமைந்தால் இருபது நிமிடத்தில் ஒன்று இரண்டாகும், அடுத்த இருபது நிமிடத்தில் நாலு. குக்கர் வைத்து இப்போது ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். நான் எட்டாவது வரை படித்தவன். எங்கள் புரொபசர் ஹெப்சிபா மேடம் புதுப் பதிப்பு வந்ததும் பழைய பாடப்புத்தகத்தை என் மேஜையில் வைத்து, "எடைக்குப் போடறதுக்குப் பதிலா நீ வச்சுக்கோ சுடலை, உனக்குப் பிரயோஜனப்படும்" என்றார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு இடைவேளையில் ஒரு நாளைக்கு அரைப் பக்கம் என்று ஏழு வருடம் படித்தேன். மாணவர்கள் பரீட்சை நேரத்தில் மீடியா ரூம் வாசலில் நின்று, அண்ணே, காசநோய்க் கிருமி எத்தனை வாரம் எடுக்கும் என்று கேட்பார்கள். எட்டு வாரம்கூட ஆகும், முட்டை சேர்த்த மீடியாவில், பச்சை நிறத்தில் இருக்கும் என்பேன். தொழுநோய்க் கிருமி எந்தத் தட்டிலும் வளராது, எவ்வளவு நல்ல சாப்பாடு போட்டாலும் சீந்தாது என்பேன். எனக்கே என்னைப் பார்த்து ஒரு மரியாதை வந்திருந்தது. புத்தகத்தின் பின்பாதி முழுக்க வைரஸ். அதைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே, இவை செயற்கை ஊடகம் எதிலும் வளராது, உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும் என்று இருந்தது. சமையல் இல்லாத பாடம் நமக்கு எதற்கு என்று மூடிவிட்டேன். ஆனால் அந்த ஒரு வரியைப் படித்திருந்தேன். அதுதான். படிக்காமலே மூடியிருந்தால் தெரியாதவன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அகராதியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி, பென்சிலால் மேலே தமிழில் எழுதி வைத்து, புரிந்துகொண்டு, அப்புறம்தான் மூடினேன்.

எட்டிப் பார்க்கிறேன். சுவரைப் பார்த்தபடியே கிடக்கிறாள். போய்க் கால்மாட்டில் நின்று பாதத்தைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. "என்ன கால் சில்லுனு இருக்கு?" என்றேன். "ஃபேன் ஓடுது, வேற எப்படி இருக்கும்" என்றாள். வயிறு வலிக்கிறதா என்றதற்கு வெறும் வயிற்றில் மாத்திரை தின்றது என்றாள். ஒண்ணுக்குப் போனியா என்றேன். "அப்பா! எனக்கு என்ன நாலு வயசா?" "எப்ப போன, அதை மட்டும் சொல்லு." "நேத்து ராத்திரி. போதுமா? எழுதி வச்சுக்கிடுங்க" என்றாள். போர்வைக்கு வெளியே கிடந்த முழங்கையின் உள்பக்கம் குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள். எண்ணத் தொடங்கினேன், ஒன்பதுக்கு மேல் எண்ணவில்லை. "செண்பகம், ஒரு டெஸ்ட் மட்டும் எடுத்துட்டு வந்துருவோம், ஆட்டோவிலேயே போய்ட்டு வந்துரலாம்." அவள் திரும்பவில்லை. சுவரிடம் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்: "அவ நடந்து போனாப்பா. வாசல்ல செருப்பு தேடிப் போட்டுட்டு, கதவைப் பூட்டிட்டு வாட்டின்னு என்கிட்ட சொல்லிட்டு, நடந்துதான் போனா. நாலு மணி நேரத்துல தூக்கிட்டு வந்தோம். இந்தக் கையில மூணு, அந்தக் கையில ரெண்டு, கால்ல ஒண்ணு. குத்திக் குத்தித் தேடினாங்க. நான் பார்த்துட்டுத்தான நின்னேன். என்னை அங்க கூப்பிடாதீங்க." நான் அடுப்படிக்கு வந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். அவள் அந்த இடத்துக்கு வரும்போது நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். தண்ணீர் குடிக்கப் போவேன், கொடியில் துணி எடுக்கப் போவேன். இன்று கஞ்சி.

எப்படித் தொடங்குவது. அந்த பாட்டில் நான் போட்டது, என்று தொடங்கலாமா. என்ன பாட்டில் என்பாள். உன் அம்மா ரத்தத்தை நான் சோதித்தேன் என்று தொடங்கலாம். இல்லை, ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே சொல்ல வேண்டும். அது மழைக்காலம், கார்த்திகை பிறந்திருந்தது. ஆவுடைக்கு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் தொடங்கியது. ஊரில் டைபாய்டு நிறைய இருந்தது, வார்டுகளிலிருந்து தினமும் பத்துப் பன்னிரண்டு ரத்த பாட்டில்கள் எங்கள் துறைக்கு வந்துகொண்டிருந்தன, எல்லாம் நான் சமைத்த பித்தநீர் மீடியா ஊற்றிய பாட்டில்கள். ஓ.பி.யில் கூட்டத்தில் நின்று சீட்டு வாங்கி இவளை அலைக்கழிப்பானேன், டாக்டர் சொல்லப்போவதும் இதே டெஸ்ட்தானே, நாமே போட்டுவிடலாம் என்று நினைத்தேன். இதை வேறு யார் நினைத்திருப்பார்கள். தச்சனோ வாத்தியாரோ கண்டக்டரோ ஆகியிருந்தால் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருப்பேன். லேப் டெக்னீஷியன் மைதீன் எனக்குச் சிநேகிதன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அடுப்படியில் பலகையில் உட்கார்ந்து ஆவுடை கையை நீட்டினாள். நரம்பு முதல் குத்திலேயே கிடைத்தது. செவ்வாய்க்கிழமை கிடைத்தது. "மதினி, வலிக்குதா?" என்றான் மைதீன். "வலி கிடக்கட்டும். உங்க அண்ணாச்சி என் ரத்தத்துக்காவது சோறு போடுதாரே, அதைச் சொல்லுங்க" என்றாள். ஐந்து மில்லி. பாட்டிலில் சீட்டு இல்லை, நோயாளி எண் இல்லை. பிளாஸ்திரியில் 'ஆ' என்று ஒரே எழுத்தை எழுதி ஒட்டி, இன்குபேட்டரில் கீழ்த்தட்டில் பின்வரிசையில் வைத்தேன். முப்பத்தேழு டிகிரி. புதன்கிழமை காலையில் பார்த்தேன். கிருமி வளர்ந்தால் பாட்டில் அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கும். கலங்கவில்லை. வீட்டுக்குப் போனால் கட்டிலிலிருந்தே கேட்கிறாள்: "என்ன, வளந்துச்சா?" இல்லை என்றேன். "அப்ப உங்க சமையல் சரியில்ல" என்றாள். உதடு ஏறியது. எந்தப் பக்கம்.

வியாழக்கிழமை காலையிலும் பாட்டில் தெளிவாக இருந்தது. சிவப்பு அடியில் தங்கி, மேலே நல்லெண்ணெய் போலத் தெளிந்து நின்றது. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துச் சாய்த்துப் பார்த்தேன், ஒரு துகள்கூட இல்லை. அவ்வளவு அழகான பாட்டிலை நான் பார்த்ததில்லை என்று அப்போது நினைத்தேன். அந்த நினைப்பு இன்னும் எனக்குள் அப்படியே இருக்கிறது, கழுவினால் போகவில்லை. மைதீன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, எதுக்கும் மதினியை மெடிசின் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிருங்களேன்" என்றான். "பாட்டில் கிளியரா இருக்குவே, காய்ச்சலும் விட்டுருச்சு, காலையில தொட்டுப் பார்த்துட்டுத்தான் வந்தேன்" என்றேன். அவன் முகத்தில் என்னவோ இருந்தது. உமக்குத் தெரியாததா என்று போய்விட்டான். உமக்குத் தெரியாததா. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது ஆவுடை வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். வேர்த்துக் கொட்டியது. கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஒரு மாதிரி மயக்கமா அலமலந்து வருதுங்க, சுடுதண்ணி போட்டுத் தாங்க" என்றாள். நாலு நாள் காய்ச்சலில் கிடந்த அசதி, சாப்பிட்டால் சரியாகும் என்றேன். ஒண்ணுமில்லட்டி, உன் பாட்டில் பளிங்கு மாதிரி இருக்கு என்றேன். என் வார்த்தையை அவள் நம்பினாள். முப்பத்தேழு டிகிரியில் கோடிப் பேருக்குச் சமைக்கிறவன் சொன்னால் நம்பத்தானே செய்வாள். செண்பகத்தைக் கூப்பிட்டு, "அப்பா பார்த்துட்டாராம், ஒண்ணுமில்லையாம்" என்று சொல்லவும் செய்தாள். செண்பகத்துக்கு அப்போது பதினாலு வயது. மறுநாள் காலையில் கண் செருகுவதைப் பார்த்து ஆட்டோ கூப்பிட்டேன். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்துதான் வந்தாள். காஷுவாலிட்டியில் ரத்த அழுத்தம் பார்த்தவர் கருவியைத் தட்டித் தட்டி மறுபடியும் பார்த்தார். பிறகு எல்லோரும் ஓடினார்கள். அந்த நர்ஸ் ஒல்லியான பெண், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, கையிலும் காலிலும் மாறி மாறி நரம்பு தேடினாள். பிறகு மேடம் என்னிடம் சொன்னார், காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் இதில் ஆபத்து, ரத்தத்திலுள்ள தண்ணீர் குழாயை விட்டுக் கசிந்து போய்விடும், நரம்பு சுருங்கிவிடும், கையில் அகப்படாது என்று. "டெங்கு, சுடலை. ஒரு நாள் முன்னால வந்திருந்தா நாலஞ்சு பாட்டில் சலைனோட போயிருக்கும்." அவருக்கு என் பாட்டில் பற்றித் தெரியாது.

விசில் வரவில்லை, ஆனால் வெயிட் ஆடத் தொடங்கிவிட்டது. நெருப்பைக் குறைத்தேன். வெள்ளிக்கிழமை மாலையே தகனம் முடிந்தது. காரியம் எல்லாம் முடித்து பதினோராம் நாள் வேலைக்குப் போனேன். இன்குபேட்டரைத் திறந்தால் கீழ்த்தட்டில் பின்வரிசையில் அது இருந்தது. நான் வராததால் யாரும் எடுத்துப் போடவில்லை. அவளை எரித்து, சாம்பலை ஆற்றில் கரைத்து, தலைமுழுகிவிட்டு வந்து நிற்கிறேன், அவள் ரத்தம் முப்பத்தேழு டிகிரியில் இருக்கிறது. கையில் எடுத்தேன். இளஞ்சூடாக இருந்தது, வியாழக்கிழமை சாயங்காலம் அவள் கை இருந்திருக்க வேண்டிய சூடு. தெளிந்துதான் இருந்தது. பின்னால் மேடம் வந்து நின்றார். "அது யார் பாட்டில் சுடலை, நம்பரே இல்ல?" நான் சொன்னேன்: "கண்ட்ரோல் மேடம்." கண்ட்ரோல் என்றால் ஒன்றுமே சேர்க்காமல் சும்மா வைப்பது, என் சமையல் சுத்தமா என்று பார்க்க. ரத்தம் சேர்த்த கண்ட்ரோலும் உண்டு என்பதால் அவர் சந்தேகப்படவில்லை. வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "நல்லா கிளியரா இருக்கு. மனசு சரியில்லன்னா இன்னும் ரெண்டு நாள் லீவ் எடுத்துக்கோ" என்று திருப்பிக் கொடுத்தார். வளர்ந்தாலும் வளராவிட்டாலும் பாட்டிலை அப்படியே வீசக் கூடாது, ஆட்டோகிளேவில் வேகவைத்துக் கொன்ற பிறகுதான் கொட்ட வேண்டும், அது விதி. மற்ற பாட்டில்களோடு சேர்த்து உள்ளே வைத்து மூடித் திருகினேன். நூற்று இருபத்தோரு டிகிரி. பதினைந்து நிமிடம் அங்கேயே நின்றேன். முதலில் கொள்ளி வைத்தபோது வராத அழுகை அப்போதும் வரவில்லை. திறந்தபோது மண் நிறத்தில் உறைந்திருந்தது. பிளாஸ்திரியில் எழுத்து மட்டும் அழியாமல் இருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் புத்தகத்தின் பின்பாதியைப் படித்தேன். ஒரு வருடம் ஆனது. வைரஸுக்கு வாய் கிடையாது, வயிறு கிடையாது, அதனால் சோறு கேட்காது. செல்லுக்கு வெளியே கிடந்தால் ஒரு தூசிக்கு இருக்கிற உயிர்கூட அதற்குக் கிடையாது. செல்லின் மேல் போய் ஒட்டும். செல் தன்னுடையது என்று நினைத்து உள்ளே விடும். உள்ளே போனதும் சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு குறிப்பை மட்டும் நீட்டும், என்னைச் செய் என்கிற குறிப்பு. செல் தன் சொந்த அடுப்பில், சொந்தப் பண்டத்தில், சொந்தக் கையால், வந்ததைப் போலவே ஆயிரம் செய்யும். செய்கிறோம் என்று தெரியாமலே செய்யும். பிறகு ஆயிரமும் வெளியேறி அடுத்த வீட்டுக் கதவில் ஒட்டும். இதைப் படித்தபோது எனக்கு ஆவுடை ஞாபகம் வரவில்லை, செண்பகம் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிதான் கொன்றது என்று நான் அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. பிணத்தருகே உட்கார்ந்து அவள், "குத்தியே கொன்னுட்டாங்கப்பா" என்று கதறியபோது சும்மா இருந்தேன், அவ்வளவுதான். உயிரில்லாத ஒரு மௌனம், அது அவளுக்குள் போனது. மீதியை அவளே செய்தாள். அவள் குரலில், அவள் கண்ணீரில், வருடா வருடம் திதிக்கு வருகிறவர்களிடம், தோழிகளிடம், புருஷனிடம், ஒரு புள்ளி மாறாமல். பிள்ளைப்பேற்றுக்குக்கூட வலி முற்றிய பிறகே போனாள், நரம்பில் ஊசி ஏற்றவிடாமல் சண்டை போட்டாள். போன வருடம் பேரனின் பள்ளியில் தடுப்பூசி போட வந்தபோது அவன் பெஞ்சுக்கடியில் ஒளிந்துகொண்டானாம். ஏன் என்று வாத்தியார் கேட்டதற்கு, எங்க அம்மாச்சியை ஊசி போட்டுத்தான் கொன்னாங்க என்றானாம். அவன் ஆவுடையைப் பார்த்ததே இல்லை. அது அவனுக்குள்ளும் போய்விட்டது. இன்று அது என் வீட்டு முன்னறையில், சுவரைப் பார்த்துத் திரும்பி, ஜில்லிட்ட காலோடு படுத்திருக்கிறது. அவள் ரத்தத்தில் இருக்கும் வைரஸுக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு மருந்தே கிடையாது. தண்ணீர் ஏற்றி, ஆளைப் பிடித்து நிறுத்தி, அது தானாக ஓய்கிற வரை காத்திருக்கலாம், அவ்வளவுதான். அதற்கு அவள் அங்கே போக வேண்டும். போகவிடாமல் பிடித்துவைத்திருப்பது நான் கொடுத்தது.

அடுப்பை அணைத்தேன். ஆவி அடங்கும் வரை இருக்கலாம் என்று ஒரு மனசு சொன்னது. அது அடங்கினால் கஞ்சியை ஆற்ற வேண்டும் என்று தோன்றும், ஆற்றினால் ஊட்ட வேண்டும் என்று தோன்றும். முன்னறைக்குப் போய் கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தேன். முதுகு தெரிந்தது. முதுகிடம் சொல்வது கொஞ்சம் சுலபமாக இருந்தது. "செண்பகம், எந்திரிக்க வேண்டாம், படுத்துக்கிட்டே கேளு. உங்க அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தப்போ நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகல. மைதீன் மாமாவை வச்சு ரத்தம் எடுத்து நானே பாட்டில்ல போட்டு வளர்த்துப் பார்த்தேன். ஒண்ணும் வளரல. அது வளராத சாதின்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். படிச்சிருந்தேன். பாட்டில் சுத்தமா இருக்குன்னு அவளை வீட்டுலயே வச்சிருந்தேன். வியாழக்கிழமை உன்னை மாதிரியே காய்ச்சல் விட்டுது, கை கால் சில்லுனு போச்சு, வயிறு வலிச்சுது. அன்னிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா இருந்திருப்பா. நான் ஒண்ணுமில்லன்னு சொன்னேன்." தூங்கிவிட்டாளோ, இல்லை கண் செருகிவிட்டதோ என்று பயந்து தோளைத் தொடப் போனேன். அவள் மெதுவாகப் புரண்டாள். கண் என் மேல் நின்றது. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"அப்ப அந்த நர்ஸ்?" என்றாள்.

"அவ ஒண்ணும் பண்ணலம்மா. நான் கொண்டுபோனப்போ நரம்பே இல்ல. அவ தேடிப் பார்த்தா."

"நான் பதினொண்ணாங் கிளாஸ் படிக்கையில பஸ் ஸ்டாண்டுல அவளைப் பார்த்தேன். கைக்குழந்தையோட நின்னா. கிட்டப் போய் அவ மேல துப்பினேன். நீங்க என் பக்கத்துல நின்னீங்க."

"நின்னேன்."

"என்னைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தீங்க. அப்பவும் சொல்லல."

"சொல்லல."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவுடை அந்த மாதிரி என்னைப் பார்த்ததில்லை, பார்க்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. பிறகு செண்பகம் இரண்டு கையையும் ஊன்றி எழுந்தாள். எழுந்ததும் தள்ளாடினாள். பிடிக்கப் போனேன். "தொடாதீங்க" என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள். "ஆட்டோவைக் கூப்பிடுங்க." மாடிப்படி இறங்கிக் கீழே ஓடினேன். எழுபது வயதில் ஓட முடியும் என்று தெரியவில்லை, ஓடினேன். தெருமுனையில் ஆட்டோ நின்றது. அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள், நான் இரண்டு படி கீழே, விழுந்தால் என் மேல் விழட்டும் என்று, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி இறங்கினேன். ஆட்டோவில் அவள் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம். எந்த ஆஸ்பத்திரி என்று டிரைவர் கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னால் அவளே சொன்னாள், அம்மாவைக் கொண்டுபோன அதே ஆஸ்பத்திரியின் பேரை. பாலம் ஏறும்போது கண்ணை மூடி இருக்கையில் சாய்ந்துகொண்டாள். அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"அப்பா" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"சொல்லும்மா."

"இப்ப உங்க மேல கோவப்பட எனக்குத் தெம்பில்ல. தெம்பு வரட்டும். உங்களுக்கு இருக்கு."

"வரட்டும்மா" என்றேன். காஷுவாலிட்டி வாசலில் சக்கர நாற்காலியில் அவளை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். நரம்பு கிடைத்ததா என்று உள்ளே போய் வந்தவர்களிடம் கேட்டேன், வெளியே இருங்க பெரியவரே என்றார்கள். மூடிய கதவுக்கு வெளியே நின்று, அவள் என்னை என்னவெல்லாம் கேட்பாளோ, எந்தெந்த வார்த்தையால் கிழிப்பாளோ, எத்தனை நாள் பேசாமல் இருப்பாளோ, அத்தனைக்கும் தெம்பு வரட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.